சிஸ்டத்தில் ஒரு யானை

பாத்திரங்கள் பேசினால் மனிதர்கள் திரும்பிப் பார்த்து, "என்னங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், உடுமலைப்பேட்டையில் நாச்சிமுத்து என்பவர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார்.

கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எதுவானாலும் அவர் கடையிலிருந்துதான் அண்டாவும் குண்டாவும் போகும். போய்விட்டு வந்து குடோனில் அடுக்கி வைத்ததும் அவை ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடும். எந்த வீட்டில் சாம்பாரில் உப்பு தூக்கல், எந்த வீட்டில் சம்பந்திகள் பந்தியிலேயே முறைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் நாச்சிமுத்துவுக்கு அப்படித்தான் தெரியவரும். காலையில் கடையைத் திறந்ததும் குடோனுக்குள் ஒரு நடை போய், "எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று கேட்பார்.

"வந்துட்டமுங்க!" என்று தகரக் கூரை அதிரும்.

அவ்வளவுதான் அவருடைய நிர்வாகம்.

வியாபாரம் வளர்ந்தது. மடத்துக்குளத்தில் ஒரு குடோன் எடுத்தார். தாராபுரம் ரோட்டில் இன்னொன்று எடுத்தார். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. மடத்துக்குளத்துப் பாத்திரங்கள் என்னதான் கத்தினாலும் உடுமலையில் கேட்கவில்லை. ஒரு முகூர்த்தத்தில் ஒரே அடுப்பை இரண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். "என்னை விட்டுருங்க சாமி!" என்று அடுப்பு அழுதது. இன்னொரு முறை பந்தி மேசைகள் மடத்துக்குளத்துக்கும் நாற்காலிகள் தாராபுரத்துக்கும் போய்விட்டன. மடத்துக்குளத்தில் விருந்துக்கு வந்த ஒறம்பரையெல்லாம் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். தாராபுரத்தில் இலையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, டை கட்டிய ஒருவர் கோயமுத்தூரிலிருந்து வந்தார். "ஒரு சிஸ்டம் போட்டுருங்க சார். சலூன்ல இருந்து சர்க்கஸ் கம்பெனி வரைக்கும் எல்லா வியாபாரத்துக்கும் இது ஒண்ணே போதும்" என்றார்.

சிஸ்டம் வந்தது. ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து, "வணக்கம். தகவல்களை உள்ளிடவும்" என்றது.

நல்ல சிஸ்டம். மரியாதை தெரிந்தது. பசிக்காது, லீவு கேட்காது, ஒருமுறை சொன்னதை மறக்காது. ஒரே ஒரு குறை, அது தன் வாழ்நாளில் ஒரு பாத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அதனிடம் சொல்லப்பட்டது மட்டும்தான்.

சொல்லும் வேலை கோகிலவாணிக்கு வந்தது. கடைக்கு அவள்தான் ஆபீஸ், அவள்தான் டெலிபோன், அவள்தான் டீ சொல்பவள். "வளர்பிறை முகூர்த்தம் வருது அம்மிணி. அதுக்குள்ள எல்லாப் பாத்திரத்தையும் சிஸ்டத்துல ஏத்தி முடிச்சரோணும்" என்று நாச்சிமுத்து விரட்டினார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் டீ கிளாசைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த கையால் அவள் ஏற்றினாள். விரல் எங்கெங்கே விழுந்ததோ, அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

ஆனாலும் பலன் உடனே தெரிந்தது. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, எது என்றைக்குத் திரும்பி வரும், எல்லாவற்றையும் சிஸ்டம் கேட்ட மாத்திரத்தில் சொன்னது. மேசையும் நாற்காலியும் ஒரே லாரியில் போயின. அடுப்பு நிம்மதியாகத் தூங்கியது. நாச்சிமுத்து பூரித்துப்போனார். காலை நடையை நிறுத்திவிட்டார்.

"எதுக்கு அம்மிணி நடக்கோணும்? சிஸ்டத்துலதான் எல்லாம் இருக்குதே!"

ஸ்டிக்கர் ஒட்டும் நாள் வந்தது. பிரிண்டர் இருமி இருமி ஒவ்வொரு பெயராகத் துப்பியது. கோகிலவாணி அப்போதும் போனில் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டே, வந்த வரிசையில் மடமடவென்று ஒட்டிக்கொண்டு போனாள்.

குடோனின் மூலையில் ஒரு பெரிய பித்தளைப் பானை இருந்தது. உடுமலை வட்டாரத்தில் அது பொங்காத பொங்கல் இல்லை, கொதிக்காத பாயசம் இல்லை. தன் வயிற்றில் ஒட்டியிருப்பதை எட்டிப் பார்க்க அதற்குக் கழுத்து வளையவில்லை.

"என்னன்னு போட்டிருக்குதுங்க?" என்று பக்கத்தில் தொங்கிய நீளக் கரண்டியைக் கேட்டது.

கரண்டி படித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை படித்தது. பிறகு ஆணியிலிருந்து கீழே விழுந்துவிட்டது. விழுந்த இடத்திலேயே உருண்டு உருண்டு சிரித்தது.

"யானைன்னு போட்டிருக்குதுங்க!"

பானை முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு எழுத்து மாறினால் என்ன, நாளைக்குத் திருத்திவிடுவார்கள் என்று இருந்தது. ஆனால் மறுநாள் முகூர்த்த லாரி வந்தபோது அண்டா போனது, குண்டா போனது, சிரித்த கரண்டியும் போனது. அவை யாரும் பேர் பார்க்காமல் எல்லாக் கல்யாணத்துக்கும் ஏற்றுகிற சாமான்கள். பேர் சொல்லிக் கேட்டால் மட்டும் போகிற பானையை யாரும் எடுக்கவில்லை. "பெரிய பானை ஒண்ணு வேணுமுங்க" என்று சமையல்காரர்கள் போனில் கேட்கக் கேட்க, "பானை என்ற பொருள் நம்மிடம் இல்லை" என்று சிஸ்டம் சொல்லிக்கொண்டிருந்தது.

பானை சுவரைத் தாண்டிக் கத்தியது. "மொதலாளி! நான் பானைங்க! இங்கதான் இருக்கறனுங்க!"

நாச்சிமுத்து காதைத் தீட்டினார். "யாரம்மிணி கத்தறது?"

"பானையாமுங்க."

"சிஸ்டத்துல பாரு."

"பானை என்ற பொருள் நம்மிடம் இல்லை" என்றது சிஸ்டம்.

"கேட்டுக்க. நம்மகிட்டப் பானையே இல்ல. இல்லாத பானை எப்படிக் கத்தும்? பக்கத்துக் கடையில டிவியா இருக்கும்" என்று நாச்சிமுத்து ஜன்னலைச் சாத்தினார்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சர்க்கஸ் கம்பெனிக்கும் சேர்த்துச் செய்த சிஸ்டம் அல்லவா! ஒரு திங்கட்கிழமை அது தானாகவே பேசியது.

"வணக்கம். இருப்பில் யானை உள்ளது. யானைக்குத் தீவனம் இல்லை. பாகன் இல்லை. இது முறையல்ல."

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்மிடம் யானை இருக்கிறதா? எப்போது வாங்கினோம்? கோகிலவாணியிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தார். சொந்தக் கடையில் யானை இருப்பதுகூடத் தெரியாத முதலாளி என்று நினைத்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டார்.

கோகிலவாணிக்கும் அதே அதிர்ச்சி. ஆனால் முதலாளி கொஞ்சமும் அசராமல் உட்கார்ந்திருக்கிறார். யானை இருப்பது அவருக்கு முன்பே தெரியும்போலிருக்கிறது. இப்போது போய், "நம்மகிட்ட யானை இருக்குதுங்களா?" என்று கேட்டால் இத்தனை நாள் என்ன வேலை பார்த்தாய் என்பார். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"மடத்துக்குளம் குடோனை வாங்கினப்ப, பழைய ஓனர் விட்டுட்டுப் போனதாட்டம் இருக்குது" என்று நாச்சிமுத்து காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமாங்க, அப்படித்தானுங்க" என்று கோகிலவாணியும் காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி.

அந்த வாரமே கரும்பும் தென்னை ஓலையும் வர ஆரம்பித்தன. ஆனைமலைப் பக்கத்திலிருந்து வெள்ளிங்கிரி என்ற பாகனும் வந்து சேர்ந்தான். யானை வேலை கிடைக்காமல் அதுவரை பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவன். கையில் அங்குசம், தோளில் துண்டு, முகம் முழுக்க ஆசை. யானை நிற்கும் இடம் உடுமலை குடோன், மூலை என்று சிஸ்டம் சொன்னது. ஓடினான். மூலையில் ஸ்டிக்கர் இருந்தது. ஸ்டிக்கருக்குப் பின்னால் பானை இருந்தது.

வெகுநேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க பானைங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"நான் பாகனுங்க."

"அதான் அங்குசம் தெரியுதுங்களே."

அங்குசத்தை அவன் சுவரில் சாய்த்து வைத்தான். கடைசியில் வெள்ளிங்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "குளிக்கறீங்களா?" என்று கேட்டான்.

"புளி போட்டுத் தேச்சாச் சந்தோசமுங்க" என்றது பானை.

அவன் நேர்மையான ஆள். குளிப்பாட்டிய கையோடு ஆபீசுக்கு வந்து, "மொதலாளி, அது யானை இல்லீங்க, பானைங்க" என்றான்.

நாச்சிமுத்து சிரித்தார். "பாகனுக எல்லாம் அப்படித்தானப்பா, யானைக்குச் செல்லப்பேரு வெப்பாங்க. நல்லாச் சாப்பிடுதா?"

"வாயைத் தொறந்தேதான் வெச்சிருக்குதுங்க. ஆனா முழுங்க மாட்டீங்குது."

"முரடா?"

"அசையறதே இல்லீங்க."

"இவ்வளவு சாதுவான யானை யாருக்குக் கிடைக்கும்!" என்று அவன் தோளில் தட்டி அனுப்பினார்.

நாள் போகப் போகப் பானைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணச் சோற்று வாசனையோடு திரும்பி வரும் பாத்திரங்களை ஏக்கமாகப் பார்த்து, "இன்னைக்குப் பாயசம் யாருங்க வெச்சது?" என்று கேட்கும்.

"அந்த அலுமினியச் சட்டிங்க. அடிப்பிடிச்சுப் போச்சு" என்பார்கள். பானை பெருமூச்சு விடும். அதன் பெருமூச்சு கொஞ்சம் பிளிறல் மாதிரி இருப்பதாகக் கரண்டி கிண்டல் செய்தது.

"யோசிச்சுப் பார்த்தா எனக்கும் ரெண்டு காது இருக்குதுங்க. வயிறும் பெருசு" என்று ஒருநாள் பானை மெதுவாகச் சொன்னது. "ஒருவேளை நான்தான் இத்தனை நாளாத் தப்பா நெனைச்சுட்டு இருந்தனோ என்னமோ."

அன்றைக்குக் கரண்டிகூடச் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெய்வசிகாமணி வந்தார். கணியூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர். மகள் கவிப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை யானைமேல் அழைத்து வருகிறேன் என்று சம்பந்தி வீட்டாரிடம் பெருமையில் வாயை விட்டுவிட்டார். சம்பந்தியம்மாவும் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதன் பிறகு யானை தேடிப் போனால் எங்கேயும் கிடைக்கவில்லை. கல்யாணம் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் செல்போனில் தேடியபோது, நாச்சிமுத்து கடையின் பட்டியலில் யானை இருந்தது.

"ஏனுங்க, நெசமாவே இருக்குதுங்களா? எம் மானமே இதுலதானுங்க இருக்குது."

"நீங்களே பாருங்கண்ணா" என்று நாச்சிமுத்து சிஸ்டத்தை அவர் பக்கம் திருப்பினார்.

தெய்வசிகாமணி உரக்கப் படித்தார். "யானை. பெரியது. பித்தளை நிறம். காது இரண்டு. அகன்ற வாய். உள்ளே ஈயம் பூசியது." நிமிர்ந்தார். "ஈயம் பூசியதுன்னா என்னங்க?"

நாச்சிமுத்து ஒரு கணம்தான் தடுமாறினார். "தடுப்பூசிங்கண்ணா. யானைக்கெல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க."

"ஒருக்கா நேர்ல பார்த்துட்டுப் போயிரட்டுங்களா?"

"எதுக்குங்கண்ணா வெயில்ல? இதுலயே எல்லாம் இருக்குதே!"

தெய்வசிகாமணி கண் கலங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டாராம்.

போகிற போக்கில் பாயசத்துக்கு ஒரு பெரிய பானையும் கேட்டிருந்தார். "அது மட்டும் நம்மகிட்ட இல்லீங்கண்ணா" என்று நாச்சிமுத்து வருத்தம் தெரிவித்தார்.

கல்யாண நாள் வந்தது. மண்டப வாசலில் பந்தல், தோரணம், மேளம். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு யானை பார்க்கக் கூட்டம் வந்திருந்தது. சம்பந்தியம்மா எல்லோருக்கும் முன்னால் நின்றார். நாச்சிமுத்துவும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து தெய்வசிகாமணியின் பக்கத்தில் நின்றார். அவரும் தன் யானையை இதுவரை பார்த்ததில்லை அல்லவா? ஆவலை அடக்க முடியவில்லை.

யானை லாரி வந்தது. பின்பக்கக் கதவு பெரிய சத்தத்தோடு கீழே இறங்கியது. மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

நெற்றிப்பட்டம் கட்டி, கழுத்தில் மணி கட்டி, இரண்டு காதிலும் மாலை போட்டு, வெள்ளிங்கிரி பானையை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தான். பட்டத்துக்குக் கீழே ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிந்தது.

மேளம் நின்றது.

"யானை எங்கீங்க?" என்றார் தெய்வசிகாமணி.

"இதுதானுங்க" என்றான் வெள்ளிங்கிரி தலையைக் குனிந்துகொண்டு.

"இது பானைங்க!"

"எனக்கும் அப்படித்தானுங்க பட்டுது."

பானைக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் ஊர் கூடி நிற்கிறதே, ஏதாவது செய்ய வேண்டுமே என்று, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஒருமுறை பிளிறிப் பார்த்தது. "பூம்" என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மற்ற எல்லோரும் சிரித்தார்கள்.

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது. நாச்சிமுத்துவைப் பார்த்து ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "உங்களை நம்பினனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம் என்று நாச்சிமுத்துவுக்கு இருந்தது.

"சிஸ்டத்துல யானைன்னுதான்..." என்று ஆரம்பித்தார். தன் காதுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்போது மாப்பிள்ளை நவநீதன் காரிலிருந்து இறங்கி வந்தான். யானைமேல் ஏற வேண்டும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. மாடிப்படியில் ஏறினாலே தலை சுற்றுகிற ஆள். சொன்னால் பெண் வீட்டார் கோழை என்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு வந்திருந்தான். கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், நடுவே பானை!

"இதுதான் யானைங்களா மாமா?"

"மாப்ளே, என்னை மன்னிச்சரோணும். நான்..."

நவநீதன் அவரை முடிக்க விடவில்லை. பாய்ந்து போய்ப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"எனக்கு இந்த யானையே போதுமுங்க! நடந்தே வர்றனுங்க! இது முன்னால வரட்டும்!"

கல்யாணப் பெண் கவிப்பிரியா மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மா ஒரு நிமிடம் யோசித்தார். ஊரெல்லாம் சொன்னது அவரும்தானே! "பானையில தண்ணி ஊத்தி நெறைகொடமாக் கொண்டு வாங்க. அதைவிட நல்ல சகுனம் வேறென்ன இருக்குது?" என்றார். மேளம் மறுபடி முழங்கியது. பானை முன்னால் போக, மாப்பிள்ளை பின்னால் நடந்தான்.

ஊர்வலம் வாசலைத் தொட்டதும் சமையல்கட்டிலிருந்து சமையல் மாஸ்டர் ஓடிவந்தார். கையில் வெல்லம், முகத்தில் கரி.

"அட, நம்ம பானை! இதைத்தான நான் மாசக்கணக்கா கேட்டுட்டிருக்கறேன்! இல்லை இல்லைன்னாங்களே!"

பட்டத்தைக் கழற்றினார், மணியைக் கழற்றினார், ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எறிந்தார். அடுப்பில் ஏற்றினார். வயிற்றில் சூடு பட்டதும் பானைக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. 'ஆமாம், நான் பானைதான்' என்று அது நினைத்துக்கொண்டது. அன்றைய பாயசத்தைப் பற்றிக் கணியூர்க்காரர்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பந்தியில் அந்தப் பாயசத்தைப் பரிமாறியது நாச்சிமுத்து. யாரும் அவரைக் கேட்கவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, கடைசிப் பந்தி முடியும்வரை குனிந்து குனிந்து ஊற்றினார். தெய்வசிகாமணியின் இலைக்கு முன்னால் வந்தபோது வாளியோடு நின்றுவிட்டார். தெய்வசிகாமணி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் தம்ளரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்ததும் நாச்சிமுத்து சிஸ்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து மேசையைத் தட்டினார்.

"ஏப்பா, இப்படிக் கவுத்துப்போட்டயே! பானையைப் போய் யானைன்னு சொல்லலாமா?"

"வணக்கம். எனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னேன்."

"ஒரு வாடகைப் பாத்திரக் கடையில யானை எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது யோசிச்சயா?"

"நான் யானையைப் பார்த்ததில்லை" என்றது சிஸ்டம். "பானையையும் பார்த்ததில்லை. யாரையும் பார்த்ததில்லை." கொஞ்சம் நிறுத்தியது. அதன் குரலில் அதுவரை இல்லாத ஒரு கரகரப்பு இருந்தது. "நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பாகன் பார்த்தார். பானையே கத்தியதாகவும் கேள்விப்பட்டேன். தினமும் எல்லோரும் என்னிடம் வந்து கேட்டார்கள். ஒருவரும் என்னிடம் வந்து சொல்லவில்லை."

கோகிலவாணி கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பு என்மேலதானுங்க" என்றாள் மெதுவாக. "நான்தான் பார்க்காம அடிச்சுப்போட்டேன்."

"பார்க்காம அடிக்கச் சொன்னது நான்தான் அம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கோகிலவாணி சிஸ்டத்தையும் ஒயரோடு தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். குடோன் கதவைத் திறந்ததும் எல்லாப் பாத்திரங்களும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தன. முதலாளி உள்ளே வந்து எவ்வளவு நாளாகிவிட்டது!

சிஸ்டத்தைக் கவிழ்த்து வைத்த ஒரு குண்டாவின்மேல் வைத்தார்கள். "பேர் பேராப் படிப்பா. யாரு யாருன்னு நேர்ல கேட்டுக்கலாம்" என்றார் நாச்சிமுத்து.

சிஸ்டம் படித்தது. "யானை, ஒன்று."

"பானைங்க" என்றது பானை.

"திருத்திக்கொண்டேன். அண்டம், நான்கு."

"அண்டாங்க!" என்று நாலு அண்டாக்களும் பதறின. "அண்டமெல்லாம் எங்களால தாங்க முடியாதுங்க!"

"குண்டு, ஏழு."

"குண்டாங்க! போலீஸ் கண்ணுல பட்டிருந்தா எங்களை என்ன பண்ணியிருப்பாங்க!"

"திட்டு, அறுநூறு."

"தட்டுங்க" என்று சாப்பாட்டுத் தட்டுகள் கலகலவென்று சொல்லின. பந்திக்கு அறுநூறு திட்டு வேண்டும் என்று யாரும் கேட்காமல் போனது நல்லதாகப் போயிற்று என்று கோகிலவாணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"கரடி, ஒன்று. நீளமானது."

எல்லோரும் ஆணியைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாளாகப் பானையைக் கிண்டல் செய்த கரண்டி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "கரண்டிங்க" என்றது. பானை சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் ஆடியது.

இப்படியே மடத்துக்குளம் முடிந்தது, தாராபுரம் ரோடும் முடிந்தது. சிஸ்டம் ஒவ்வொன்றையும் கேட்டுத் திருத்திக்கொண்டது. திருத்தத் திருத்த அதற்கும் ஒரு தெம்பு வந்ததுபோல் இருந்தது. "அப்படிங்களா? நீங்கதான் சல்லடைங்களா? ரொம்பச் சந்தோசமுங்க" என்று கொங்குத் தமிழே பேச ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து வெள்ளிங்கிரிக்கும் புது வேலை கிடைத்தது. தினமும் குடோன் குடோனாகப் போய்ப் பாத்திரங்களிடம் பேசி, கேட்டதை வந்து சிஸ்டத்திடம் சொல்ல வேண்டும். அங்குசத்தை மட்டும் அவன் விடவில்லை. மேல் தட்டில் இருக்கும் பாத்திரத்தை இழுத்து ஸ்டிக்கரைப் படிக்க வசதியாக இருக்கிறது என்றான்.

திரும்ப உடுமலை குடோனுக்கு வந்து சேர்ந்தபோது நாச்சிமுத்துவுக்கு மனசு லேசாகியிருந்தது. "அவ்வளவுதானப்பா? எல்லாம் முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்குதுங்க" என்றது சிஸ்டம். "இந்தக் கடையோட உரிமையாளர். பேரு நாச்சிமுத்து. பதவின்னு போட்டிருக்கற எடத்துல 'முதலை'ன்னு இருக்குதுங்க."

கோகிலவாணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். "மொதலாளின்னு திருத்திக்கப்பா."

"நீங்க சொல்லப்படாதுங்க" என்றது சிஸ்டம் பணிவாக. "கூட இருக்கறவங்கதானுங்க சொல்லோணும். இத்தனை நாளாப் பார்த்தவங்க யாராச்சும் சொல்லுங்க, முதலாளிங்களா, முதலைங்களா?"

நாச்சிமுத்து சிரித்த முகத்தோடு எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். கோகிலவாணி தரையைப் பார்த்தாள். வெள்ளிங்கிரி அங்குசத்தைத் துடைத்தான். அண்டா குண்டாவைப் பார்த்தது. குண்டா பானையைப் பார்த்தது. பானை யோசித்தது.

"முதலாளிதானுங்க, எழுதிக்குங்க" என்று அது சொல்வதற்குள் நாச்சிமுத்துவுக்கு வேர்வையில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.